மலேசிய ஊர்களில் சாப்பிடக் கற்றுக்கொள்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசிய நண்பர் ஒருவரிடம் "உங்க ஊர்ல நல்ல கடை எது?" என்று கேட்டுப் பாருங்கள். கடைப் பெயர் உடனே வராது. "என்ன சாப்பிடணும்? எத்தனை மணிக்குப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்பார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம் ஊர் ஓட்டலில் இட்லி முதல் நூடுல்ஸ் வரை ஒரே அடுப்படியில் கிடைக்கும். அங்கே பெரும்பாலான சின்னக் கடைகள் அப்படி இல்லை. ஒருவர் ஒரே ஒரு உணவைத்தான் செய்வார். இருபது, முப்பது வருடமாக அதையே செய்திருப்பார். தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே இந்த வழிகாட்டியின் அடிப்படை விதி ஒன்றுதான்: ஒரு ஊர், ஒரு உணவு, அதற்குரிய வேளை. கோலாலம்பூரின் பேரங்காடிகளில் எல்லா ஊர் உணவும் கிடைக்கும். ஆனாலும் அந்தந்த ஊருக்குப் போய்ச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

## முதல் படி: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது பேராக் மாநிலம். பினாங்குக்கு எல்லோரும் போகிறார்கள், போகவும் வேண்டும். ஆனால் தொடங்குபவருக்குப் பேராக் எளிது. கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. அதே தடத்தில் கம்பார், கோலகங்சார், தைப்பிங் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. பண்டிகை நாட்களில் இருக்கைகள் முன்பே தீர்ந்துவிடும் என்பதால் பயணச்சீட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

இந்த ஊர்களின் உணவு ஈயத்தோடு பிணைந்தது. ஈயச் சுரங்கங்களுக்குச் சீனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ரயில் பாதைக்கும் தோட்டங்களுக்கும் தமிழர்கள் வந்தார்கள். மலாய்க் கிராமங்கள் ஆற்றோரங்களில் ஏற்கெனவே இருந்தன. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது சுரங்கங்கள் மூடப்பட்டன, இளைஞர்கள் பலர் வெளியூர் போய்விட்டார்கள். சமையல் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஈப்போவில் காப்பிக்குப் பேர்போன தெருவின் பெயர் ஜாலான் பண்டார் திமா. மலாயில் திமா என்றால் ஈயம்.

## இரண்டாம் படி: கடையின் வகையை அடையாளம் காணுங்கள்

மாமாக் கடை என்பது தமிழ் முஸ்லிம்களின் உணவகம். பல கடைகள் இரவு முழுவதும் திறந்திருக்கும். உட்கார்ந்தால் ஆள் வந்து கேட்பார். பரோட்டா போன்ற ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய தே தாரிக், வறுத்த நூடுல்ஸான மீ கோரெங், சோறும் குழம்புகளுமான நாசி கண்டார் எல்லாம் கிடைக்கும். வாழை இலைக் கடையைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெடான் செலேரா என்ற பலகையைக் கண்டால் அது அங்காடிக் கடைகள் கூடியிருக்கும் இடம். வாரோங் என்பது மலாய்க்காரர்களின் சிறிய கடை. காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கும் மதியம் கறிவகைகளோடு சோற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும்.

புதியவர் தடுமாறுவது கோப்பித்தியாமில், அதாவது சீனக் காப்பிக் கடையில். உள்ளே நுழைந்தால் ஐந்தாறு தள்ளுவண்டிகள் நிற்கும், யாரிடம் கேட்பது என்று புரியாது. அதன் ஏற்பாடு இது. கட்டடத்தை நடத்துபவர் காப்பி, தேநீர், குளிர்பானம் மட்டும் விற்கிறார். உணவு வண்டிகள் தனித்தனி ஆட்களுடையவை, அவர்கள் அவருக்கு வாடகை தருகிறார்கள். நீங்கள் முதலில் ஒரு மேசையைப் பிடித்து அதன் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டிக்குப் போய் வேண்டியதைச் சொல்லி மேசை எண்ணையும் சொல்லுங்கள். உணவு உங்களிடம் வரும், அந்த வண்டிக்காரருக்குத் தனியாகப் பணம். பானம் கேட்க வேறொருவர் வருவார், அவருக்குத் தனியாகப் பணம். ஒரு கோப்பையாவது வாங்கிக் குடியுங்கள். அவருடைய வருமானம் அதில்தான் இருக்கிறது. கூட்டமான நேரத்தில் முன்பின் தெரியாதவர் உங்கள் மேசையில் வந்து அமர்வார். அது அங்கே சாதாரணம்.

சுவரில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். நகராட்சி தரும் சுத்தத்துக்கான தரச் சான்று அது. ஏ, பி பார்த்தால் கவலையின்றி உட்காரலாம்.

## மூன்றாம் படி: பானம் கேட்கப் பழகுங்கள்

இந்தச் சிறு இலக்கணம் தெரிந்தால் நாடு முழுக்கச் செல்லும். தே என்றால் தேநீர், கோப்பி என்றால் காப்பி. வெறுமனே 'தே' என்றால் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றி வரும். 'தே ஓ' என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. 'தே சி' என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். எதனோடும் 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை போடமாட்டார்கள். 'ஐஸ்' சேர்த்தால் குளிர்ந்து வரும். 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்புக் குறைவு. நம்மவர்களுக்கு இந்தக் கடைசிச் சொல் மிகவும் தேவைப்படும், ஏனென்றால் அங்கே இனிப்பு தாராளம். பொட்டலமாக வேண்டுமென்றால் 'புங்குஸ்' அல்லது 'தாப்பாவ்' என்று சொல்லுங்கள்.

ரொட்டி சானாய்க்கும் இதே முறை. கோசோங் என்றால் வெறும் ரொட்டி, தெலுர் என்றால் முட்டை, பாவாங் என்றால் வெங்காயம், பாஞ்சிர் என்றால் குழம்பு வெள்ளமாக ஊற்றியது. மாமாக் கடையில் இவற்றையெல்லாம் தமிழிலேயே கேட்டுவிடலாம். "அண்ணே, ஒரு முட்டை ரொட்டி, பருப்பு மட்டும்" என்றால் போதும். அங்கே வேலை செய்பவர்களில் நிறையப் பேர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள்.

## நான்காம் படி: எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். என் அத்தை சுத்த சைவம். முதல் நாள் காலையில் நாசி லெமாக்கில் நெத்திலியை ஒதுக்கிவிட்டு, சோற்றையும் சம்பலையும் விரும்பிச் சாப்பிட்டார். சம்பலில் பெலாச்சான், அதாவது இறால் பசை, அரைத்துச் சேர்த்திருப்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வேதனை உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வர வேண்டாம். சம்பல், லக்சா நூடுல்ஸ், காய்கறிப் பிரட்டல் எதுவாக இருந்தாலும் "பெலாச்சான் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

சைவத்துக்கு வாழை இலைக் கடைகளைத் தவிர இன்னொரு நல்ல வழியும் உண்டு. சீன பௌத்தர்களின் சைவக் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் சாப்பிடுவதால் அன்று அங்கே கூட்டம் நிறைந்திருக்கும். முட்டை சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாகிங் என்றால் அகராதியில் இறைச்சி, கடைப் பலகையில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. ஆயாம் கோழி, ஈக்கான் மீன், ஊடாங் இறால், சோத்தோங் கணவாய். நாசி கண்டாரில் பல குழம்புகளைக் கலந்து ஊற்றுவதுதான் வழக்கம். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் கரண்டி குழம்பில் இறங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பன்றிக் கொழுப்பில் வறுக்கும் வழக்கம் சீனக் கடைகளில் உண்டு, முக்கியமாகச் சார் கோய் தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸில். ஹலால் பார்ப்பவர்கள் சான்றிதழைப் பாருங்கள். 'பன்றி இல்லை' என்ற பலகையும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல.

## ஐந்தாம் படி: ஈப்போவில் ஒரு முழு நாள்

காலை எட்டு மணிக்குப் பழைய நகரத்தில் இருங்கள். வெள்ளைக் காப்பி ஈப்போவுக்கே உரியது. பெயரைக் கேட்டுப் பாலின் நிறம் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் விஷயம் வறுவலில் இருக்கிறது. வழக்கமான கறுப்புக் காப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். வெள்ளைக் காப்பிக்குச் சர்க்கரை சேர்க்காமல் மார்ஜரினில் மட்டும் இளம் பதமாக வறுக்கிறார்கள். அதனால் கசப்பு குறைந்து, வாசனை வெண்ணெய் போல நிற்கிறது. கூடவே கரி அடுப்பில் வாட்டிய ரொட்டியில் காயா தடவித் தருவார்கள். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் இலை சேர்த்துக் கிண்டிய காயாவும் அரைவேக்காட்டு முட்டையும் சேர்ந்ததுதான் அந்த ஊரின் பசியாறல். காலை உணவுக்கு மலேசியத் தமிழர் சொல்லும் பெயர் அது, எனக்கு மிகவும் பிடித்த சொல். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் என்று பல இனத்தாரும் சேர்ந்து உண்ணும் இந்தக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அங்கேயே கோழிச் சீவல் போட்ட ஹோர் ஃபன் கிடைத்தால் விடாதீர்கள். நாக்கில் வழுக்கும் தட்டையான அரிசி நூடுல்ஸ், கோழியும் இறாலும் கொதித்த தெளிந்த சாறு, மேலே இறால் எண்ணெயின் செந்நிறம். சுண்ணாம்புக் குன்றுகளின் தண்ணீர்தான் இந்த நூடுல்ஸுக்கு அந்த மென்மையைத் தருகிறது என்று ஊர்க்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள்.

மதியத்துக்கு நாசி கண்டார். கண்டார் என்பது தோளில் சுமக்கும் கழி. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறு முனையில் குழம்புப் பானையுமாகச் சுமந்து தெருத்தெருவாக விற்ற உணவு இது. ஈப்போவில் இதற்கு இரண்டு செல்லப் பெயர்கள் உண்டு. ஒன்று 'நாசி கஞ்சா'. சாப்பிட்டவர் திரும்பத் திரும்ப வருவதால் வந்த பெயர், மற்றபடி உள்ளே இருப்பது சிவப்புக் கோழியும் உப்பு முட்டையும்தான். அந்தக் கடை ஒரு சீனக் காப்பிக் கடைக்குள் நடக்கிறது. மற்றொன்று 'நாசி வாங்கே'. வாடிக்கையாளரை "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். மலாய்ப் பலகையில் நம் 'வாங்க'வைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

தாவ்கே ஆயாம், அதாவது முளைப்பயறும் கோழியும், மாலைக்கு உரியது. முதல் முறை பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்றேன், இரும்புக் கதவு இழுத்துவிடப்பட்டிருந்தது. பக்கத்துக் கடை அம்மா ஆறு விரல் காட்டிச் சிரித்தார். ஆறு மணிக்கு மேல் நடைபாதை வரை மேசைகள் வந்துவிட்டன. மெதுவாக வேகவைத்த கோழியின் மேல் சோயாவும் எள்ளெண்ணெயும் ஊற்றித் தருகிறார்கள். ஆனால் தட்டின் நாயகன் முளைப்பயறுதான். குட்டையாக, தடித்து, கடித்தால் நறுக்கென்று உடையும்.

## ஆறாம் படி: சிறிய ஊர்களுக்கு இறங்குங்கள்

கோலகங்சார் அரச நகரம், பேராக் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே லக்சாவின் நூடுல்ஸைக் கோதுமை மாவில் செய்கிறார்கள், மீன் சாறும் மெல்லியது. பினாங்கு லக்சாவின் புளிப்பும் காரமும் கண்ணில் நீர் வரவழைக்கும் என்றால், இது வெயில் நேரத்துக்கு இதமானது.

தைப்பிங்கில் ஏரிப் பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டுச் செண்டோல் குடியுங்கள். பச்சை மாவு இழைகள், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, துருவிய ஐஸ். இந்த ஊரின் பேர்பெற்ற செண்டோல் கடைகளை நடத்துபவர்கள் இந்திய முஸ்லிம் குடும்பங்கள். நாட்டின் முதல் ரயில் 1885இல் இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது. இன்று கோலா செபெத்தாங் எனப்படும் அந்த மீனவர் ஊரில் கடலுணவு போட்ட கறி மீ சாப்பிடலாம்.

கம்பாரில் கோழிக்கறியைப் பெரிய ரொட்டிக்குள் பொதிந்து சுடுகிறார்கள். மேசையில் ரொட்டியை வெட்டித் திறந்ததும் ஆவி எழும். நான்கு பேராகப் போனால்தான் கட்டும்.

தெலுக் இந்தானில் சாய்ந்த மணிக்கூண்டைப் பார்த்த கையோடு சீ சொங் ஃபன் வாங்குங்கள். மற்ற ஊர்களில் இந்த அரிசித்தாளின் மேல் இனிப்புச் சாறு ஊற்றுவார்கள். இங்கே உலர் இறாலும் செங்குவாங் கிழங்கும் உள்ளேயே சேர்ந்துவிடும், ஊறவைத்த பச்சைமிளகாய் மட்டும் துணை. ரயில் நிற்கும் ஊர் இல்லை என்பதால் பேருந்தோ காரோ தேவை.

## ஏழாம் படி: நாளும் பணமும்

ரமலான் மாதத்தில் முஸ்லிம் கடைகள் பகலில் மூடியிருக்கும். மாலைச் சந்தையில் அதே உணவுகளை வாங்கலாம். சீனப் புத்தாண்டுக்குக் காப்பிக் கடைகள் நாள்கணக்கில் அடைத்துவிடும். 'தூத்துப்' என்றால் மூடியது, 'ஹாபிஸ்' என்றால் தீர்ந்தது.

சில்லறை நோட்டுகள் வைத்திருங்கள். நாசி கண்டாரில் தட்டைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். பெரிய இறால், மீன்தலை, கணவாய் முட்டை எடுக்கும் முன் "பெராப்பா?" என்று கேளுங்கள். விலை கேட்டால் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

## கிளம்பும் முன்

ஈப்போவின் புந்தோங் பகுதிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரின் புகழ்பெற்ற முளைப்பயறு வளர்வதும் அங்கேதான், கச்சாங் பூத்தே என்று நாடு முழுக்க விற்கும் வறுகடலையும் முறுக்கும் தயாராவதும் அங்கேதான். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக நடத்தும் தொழில் அது. விமான நிலையத்தில் சாக்லேட் வாங்கும் பணத்துக்கு அவர்களிடம் நான்கு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.