காட்டிலிருந்து கடலுக்கு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், தாவரவியல்)

முன்னுரை

கூடாரத்தைச் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு, மழைக்காட்டில் சில நாள், பவளத்திட்டுக் கடலோரத்தில் சில நாள் எனக் குடும்பத்தோடு விடுமுறை கழிப்பது மேல்நாட்டார் வழக்கம். ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மாநிலத்தில் டெயின்ட்ரீ மழைக்காடு கடற்கரை வரை இறங்கி வருகிறது. அதற்கு எதிரே கடலில் உலகின் மிகப்பெரிய பவளத்திட்டு நீண்டு கிடக்கிறது. காட்டையும் கடலையும் ஒரே பயணத்தில் கண்டு திரும்பலாம்.

நம் செங்கற்பட்டுச் சீமையில் இப்படி ஒரு பயணம் உண்டா என்று கேட்டால் பலர் சிரிக்கக்கூடும். உண்டு என்பதே என் விடை. அதை மேற்கொள்வோர் செல்வர் அல்லர், இருளர். நானும் அக்குடியில் பிறந்தவன் என்பதால் இப்பயணத்தைப் பற்றியும், அது செல்லும் காடு கடல் இவற்றின் அறிவியல் பற்றியும் எழுத முனைகிறேன்.

மாசி மகமும் மாமல்லபுரமும்

மாசி மாதத்து முழுநிலவை ஒட்டி, செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுகின்றன. நான்கு கழிகளை நட்டு, புடவையையும் வேட்டியையும் சுற்றிக் கட்டினால் அதுவே கூடாரம். மணலில் மூன்று கல் வைத்தால் அதுவே அடுப்பு. எங்கள் குலதெய்வம் கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாள் என்றும், அவளைத் தேற்றி வீட்டுக்கு அழைத்து வரவே நாங்கள் கடலுக்குச் செல்கிறோம் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள்.

விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துப் பூசை நடக்கும். குழந்தைக்கு முடி இறக்குவது, காது குத்துவது, பெண் பார்ப்பது, தாலி கட்டுவது எல்லாம் அங்கேதான். ஓர் ஆண்டு மாசி மகத்தில் பேசி முடித்த திருமணம் அடுத்த ஆண்டு மாசி மகத்தில் நிறைவேறுவதும் உண்டு.

இன்று செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தைப் பேருந்தில் கடந்துவிடுகிறோம். என் ஆயா காலத்தில் நடைதான். "வழியெல்லாம் காடு இருந்திச்சுடா. பசிச்சா களாப்பழம், பாலாப்பழம். கட்டுசோறு கடலுக்குப் போற வரைக்கும் அப்படியே இருக்கும்" என்று ஆயா சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

நம் காடு எத்தகையது?

ஆயா சொன்ன அந்தக் காட்டுக்குத் தாவரவியலில் தனிப்பெயர் உண்டு: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. இந்தியக் காடுகளைப் பற்றிச் சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இது தனி வகையாக இடம்பெற்றுள்ளது. சோழமண்டலக் கரையை ஒட்டிய குறுகிய பகுதியிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இவ்வகைக் காட்டைக் காணலாம்.

மழைக்காட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை வேண்டும். அதுவும் ஆண்டு முழுதும் பரவிப் பெய்ய வேண்டும். நமக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வறட்சி. இத்தகைய இடத்தில் மரங்கள் கோடையில் இலையுதிர்த்து நிற்கும் என்றே எதிர்பார்ப்போம். ஆனால் காசா, வீரை, உலக்கைப்பாலை போன்றவை சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கின்றன.

காரணம் இலையின் அமைப்பில் இருக்கிறது. இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போன்று வழவழப்பானவை. அதனால் நீர் ஆவியாவது குறைகிறது. மரங்களும் வானளாவ வளர்வதில்லை. குட்டையாக, நெருக்கமாக வளர்ந்து மண்ணுக்கு நிழல் தருகின்றன. களா, காரை, சூரை முதலிய முட்புதர்கள் அடியில் அடர்ந்து நிற்கின்றன. பழம் தின்னும் பறவைகள் விதையைப் பரப்புகின்றன.

இக்காடு இன்று துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. காப்புக்காடுகளிலும் கிராமத்துக் கோயில் காடுகளிலும் சில இடங்களில் பார்க்கலாம். மற்ற இடங்களில் சவுக்குத் தோப்பும் சீமைக்கருவேலமும் வயலும் மனைப்பிரிவுகளும் வந்துவிட்டன.

நம் கடலில் பவளத்திட்டு ஏன் இல்லை?

தமிழ்நாட்டில் பவளத்திட்டு காண வேண்டுமானால் மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பவள உயிரியின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குச் சேர்கிறது. எனவே வெயில் ஊடுருவும் தெளிந்த நீர் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், உப்பு குறையக் கூடாது, பற்றி வளரக் கெட்டியான தளம் வேண்டும். மாமல்லபுரத்தில் வெப்பத்துக்கும் பாறைக்கும் குறைவில்லை. ஆனால் திறந்த கடலின் அலை ஓயாமல் மணலைக் கலக்குகிறது. கரையோர நீரோட்டம் ஆண்டில் ஒரு பகுதி வடக்கு நோக்கியும் ஒரு பகுதி தெற்கு நோக்கியும் மணலை வாரிச் செல்கிறது. மழைக்காலத்தில் பாலாறு முதலிய ஆறுகளின் வண்டல் நீர் வந்து கலக்கிறது. கலங்கிய நீரில் பவளத்திட்டு எழுவது கடினம்.

பவளம் இல்லை என்பதால் உயிர் இல்லை என்பதன்று. கடற்கரைக் கோயிலை அடுத்த பாறைகளில் கொட்டலசுகள், சிப்பிகள், நண்டுகள், கடற்பாசிகள் அடுக்கடுக்காக ஒட்டி வாழ்கின்றன. முழுநிலவு நாளில் ஞாயிறு, புவி, திங்கள் மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்பதால் கடல் வழக்கத்தைவிட அதிகம் ஏறும். அதிகம் வற்றவும் செய்யும். ஆகவே மாசி மகத்தையொட்டி நீர் வற்றும் நேரத்தில் மற்ற நாட்களில் மறைந்திருக்கும் பாறைகளும் வெளியே தெரியும். விலங்கியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் வேறில்லை.

மணல்மேட்டில் படரும் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. சித்தாமை எனப்படும் கடலாமை சனவரி முதல் இக்கரையில் ஏறி முட்டையிடுகிறது. முழுநிலவில் நாங்கள் படுத்துறங்கும் மணல் அதற்கும் தாய்வீடு.

பாம்பும் மருந்தும்

இருளரின் காட்டறிவு நாட்டுக்குப் பயன்பட்டதற்குக் கண்கண்ட சான்று, மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருக்கிறது. ஒரு காலத்தில் எம் முன்னோர் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றுப் பிழைத்தனர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தோல் வாணிபம் நின்றது, அடுப்பும் அணைந்தது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் முதலியோர் நிறுவிய முதலைப் பண்ணை வளாகத்திலேயே அது இயங்கியது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுவார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தால் அதுவே பாம்புக்கடிக்கு மருந்து. கொன்று வாழ்ந்த தொழில், உயிர் காக்கும் தொழிலாக மாறியது.

இச்சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்று மலைப்பாம்பு பிடிக்க உதவினர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர்கள் தேர்வெழுதிப் பட்டம் பெற்றவர் அல்லர். மண்ணில் பதிந்த தடத்தையும் வளையின் வாயையும் பார்த்துப் பாம்பின் இனத்தைச் சொல்லும் கல்வி அவர்களுடையது.

அழிவது காடு மட்டுமன்று

காடு சுருங்கியபோது எம் மக்கள் அரிசி ஆலைக்கும் செங்கற்சூளைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் போனார்கள். வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தோர் பலர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தபின்பும் பல ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. சூளையில் வளர்ந்த பிள்ளைக்குக் காசா மரத்தையும் வீரை மரத்தையும் காட்டுவார் யார்?

எங்கள் குடியிருப்பில் ஒரு செடியின் இலையைக் கசக்கி முகர்ந்தே பெயர் சொல்லக்கூடியவர் இன்று மூவர்தான். மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள். நன்னாரிக்கும் அதைப் போலவே தோன்றும் வேறு கொடிக்கும் உள்ள வேறுபாட்டை ஆயா வேரின் மணத்தால் சொல்வார். நான் அதே வேறுபாட்டைப் பூவின் அமைப்பால் கற்கிறேன். இரண்டும் ஒரே உண்மைக்குச் செல்லும் இரு வழிகள். பூ இல்லாத மாதத்தில் ஆயாவின் வழியே மேல். ஆனால் என் வழி அச்சில் இருக்கிறது. அவர் வழி மூச்சில் இருக்கிறது. மூச்சு நின்றால் அதுவும் நின்றுவிடும்.

முடிவுரை

ஆகவே நம் தாவரவியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் செல்லும் கல்விச் சுற்றுலாவோடு, வரும் மாசி மகத்தன்று ஒரு நாள் மாமல்லபுரம் கடற்கரைக்கும் வருவோம். பல மாவட்டத்துப் பெரியவர்களை ஒரே இடத்தில் சந்திக்க வேறு நாள் கிடைக்காது. அவர்கள் சொல்லும் பெயர், பயன், பருவம், கிடைக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்து, உலர் தாவரத் தொகுப்போடு சேர்த்து வைப்போம்.

அவர்களின் ஒப்புதலைப் பெற்று, சொன்னவரின் பெயரையும் ஊரையும் ஏட்டில் பதிவது நம் கடமை. மக்களின் மரபறிவால் விளையும் பயனில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் கூறுகிறது. இரவில் தங்க எண்ணுவோர் வீட்டிலிருந்து ஒரு பழைய புடவையும் நான்கு கழியும் கொண்டுவந்தால் போதும். கூடாரம் கட்ட நான் கற்றுத் தருகிறேன்.