எட்டு வினாடி வெற்றி

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? நிமிர்ந்தால் திணறுவோம், குனிந்தால் சற்று எளிது. 1989-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இந்த உண்மை பெரிய வேலை செய்தது.

கடைசி நாளன்று பிரெஞ்சு வீரர் ஃபின்யோன், அமெரிக்கரான லெமாண்டைவிட 50 வினாடி முன்னணியில் இருந்தார். கூட்டமாக ஓட்டும் நாளில், எதிராளியின் பின்சக்கரத்தை ஒட்டியே சென்றால் காற்றுத்தடை குறையும். முன்னணியைக் காப்பதும் எளிது. அன்றோ வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. தூரம் தனித்தனியே ஓட்ட வேண்டும். மறைவு கிடையாது.

லெமாண்ட் 26 நிமிடம் 57 வினாடியில் முடித்தார். ஃபின்யோனுக்கு 58 வினாடி கூடுதலாயிற்று. எட்டே வினாடியில் பட்டம் கைமாறியது!

வேக வேறுபாடு 3.6 சதவிகிதம்தான். ஆனால் காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கும், அதை வெல்லும் திறன் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். 1.036-இன் மும்மடி ஏறத்தாழ 1.11. அதாவது, கால்கள் 11 சதவிகிதம் அதிகம் உழைக்க வேண்டும்.

லெமாண்ட் கைப்பிடியில் நீட்டுக் கம்பி பொருத்தி, கைகளை ஒடுக்கிக் குனிந்தார். காற்று வழுக்கிச் செல்லும் தலைக்கவசமும் அணிந்தார். ஃபின்யோன் சாதாரணக் கைப்பிடியுடன், வெறுந்தலையாய் ஓட்டினார். அவருக்குப் புண்ணின் வலியும் இருந்தது. எல்லாம் காற்றின் வேலையே என்று கூறிவிட முடியாது.

அதே திறனில் இவ்வேகம் பெற, தடை எத்தனை சதவிகிதம் குறைய வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள். விடை பத்துக்கு அருகில் வரும்.