கோபுரத்தில் பைரி

கேள்வி: வெளிநாட்டு நகரங்களில் பைரிகள் மாடிக் கட்டடங்களில் குஞ்சு பொரிப்பதை மக்கள் நேரலையில் பார்க்கிறார்களாமே? எங்கள் கோபுரத்தில் அப்படிப் பார்க்க முடியுமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பைரி குச்சி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. செங்குத்துப் பாறையின் விளிம்பில் சிறு குழி பறித்து முட்டையிடும். உயர்ந்த கட்டடமும் அதன் கண்ணுக்குப் பாறைதான். கனடாவின் மான்ட்ரியலில் 1940இல் சன் லைஃப் கட்டடத்தில் ஒரு பைரியின் முட்டைகள் நிலைக்கவில்லை. பறவை ஆர்வலர்கள் மணலும் சரளையும் நிரப்பிய தட்டை அங்கே வைத்தார்கள். 1952 வரை அதே பெட்டை அங்கே குஞ்சுகளை வளர்த்தது. ஒரு தட்டு மணல் போதுமானதாக இருந்தது! பிறகு டிடிடி பூச்சிமருந்து முட்டை ஓடுகளை மெலிதாக்கியது. அடைகாக்கையிலேயே அவை நொறுங்கின. அமெரிக்கா 1972இல் அதைத் தடைசெய்த பிறகே இந்த இனம் மீண்டது.

நம் மண்ணிலேயே வாழும் பைரி ஷாஹீன். அது மலைப்பாறைகளை நம்பியிருக்கிறது. இலங்கையின் சிகிரியாப் பாறையில் அது கூடமைப்பது பெயர்பெற்றது. குளிர்காலத்தில் வடதுருவப் பகுதியிலிருந்தும் பைரிகள் வலசை வருகின்றன. அவை கோபுரங்களில் அமர்ந்து புறா வேட்டையாடுமே தவிர, இங்கே முட்டையிடுவதில்லை.

ஆகவே மார்கழி, தை மாதங்களில் சங்கரநாராயணர் கோயில் ராஜகோபுரத்தைப் பைனாகுலரில் பாருங்கள். புறாக்கள் திடீரெனச் சிதறினால் மேலே தேடுங்கள். மேற்கே மலையில் ஷாஹீன் கூட்டைக் கண்டால் நெருங்காதீர்கள். மிரண்ட தாய் விலகினால் முட்டைகள் வெயிலில் வீணாகிவிடும்.