பாலித் தீவில் வாடகைக் கார்: கோயிலும் ஓவியமும் பார்க்கப் போகிறவர்களுக்கு 12 குறிப்புகள்

நானும் வீட்டுக்காரரும் மாமியாருமாக இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஒன்பது நாள் சுற்றினோம். கடற்கரைக்கு ஒரே ஒரு சாயங்காலம். மீதி நாளெல்லாம் கோயிலும் ஓவிய மியூசியமும்தான். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. கிளம்புமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிவிடுங்கள். ஓராண்டு செல்லும். கார் ஓட்ட மட்டும் எடுத்த பெர்மிட்டை வைத்துக்கொண்டு அங்கே ஸ்கூட்டரில் ஏறாதீர்கள். ஸ்டியரிங் நம் ஊர் போல வலப்பக்கம், வண்டிகள் ஓடுவதும் இடப்பக்கம். அதனால் அரை மணியில் கை பழகிவிடும். டிரைவர் இல்லாமல் வண்டி மட்டும் வேண்டும் என்றால் 'லெபாஸ் குன்ச்சி' என்று கேட்க வேண்டும். சாவியை விடுவது என்று பொருள்.

2. சாவி கைக்கு வந்ததும் காரைச் சுற்றி நடந்து வீடியோ எடுங்கள். குனிந்தும் எடுங்கள். பின் பம்பருக்கு அடியில் இருந்த பழைய கீறலுக்கு எங்களிடம் பணம் கேட்டார்கள். வீடியோவைக் காட்டியதும் பேச்சு நின்றது.

3. தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து உபுத் ஊர் சுமார் 35 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் ஆகலாம், சாயங்காலமானால் அதற்கு மேலும். ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும், மூன்றும் ஒரே திசையில் இருக்கட்டும். யானைக் குகை என்கிற கோவா கஜாவும் தம்பாக்சிரிங் கோயில்களும் ஒரு நாள். க்ளுங்குங், பெசாக்கி இன்னொரு நாள். உலுவாத்துக் கோயில் தெற்குக் கோடியில் இருப்பதால் அதற்குத் தனி நாள். பெசாக்கி கோயில் எரிமலைச் சரிவில் இருக்கிறது. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். அன்றைக்கு மட்டும் டிரைவரோடு வண்டி எடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

4. எல்லோரும் கோயில்களை முதலில் பார்த்துவிட்டு, மழை பெய்தால் மியூசியம் போகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். முதல் இரண்டு நாளை உபுத் மியூசியங்களுக்குக் கொடுங்கள். புரி லுகிசன் 1956-இல் திறந்தது. பெயருக்கு ஓவிய அரண்மனை என்று பொருள். 1936-இல் பித்தா மகா என்ற சங்கம் அமைத்த ஓவியர்கள், சிற்பிகளின் வேலைகளை அங்கே பார்க்கலாம். அதற்கு முன் பாலியில் ஓவியம் என்றால் பெரும்பாலும் கோயிலுக்கும் அரண்மனைக்கும்தான். இவர்கள் சந்தை, அறுவடை, ஆற்றுக் குளியலை எல்லாம் வரைந்தார்கள். நேக்கா மியூசியத்தில் லெம்பாட் என்ற பெரியவருக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1978-இல் இறந்தவர். அவர் படங்களில் வெறும் மைக்கோடுதான், நிழலே கிடையாது, ஆனாலும் துணியின் மடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. பெங்கோசேகானில் உள்ள ஆர்மா மியூசியம் 1996-இல் திறந்தது. தோட்டத்துக்காகவே போகலாம். இவற்றைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போனால் கல்லில் இருக்கும் பூதம், கருடன், சூனியக்காரி ரங்தா எல்லாம் தெரிந்த முகங்களாகிவிடும்.

சானூரில் தங்குகிறவர்கள் கடற்கரையிலேயே இருக்கும் லெ மேயர் வீட்டையும் பாருங்கள். பெல்ஜிய ஓவியர், 1932-இல் வந்தவர், லெகோங் நடனக்காரி நி பொல்லோக்கை மணந்தார். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் கித்தான் கிடைக்காமல் சாக்குத் துணியில் வரைந்திருக்கிறார்.

5. கைப்பையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வையுங்கள். பவுடர் போட அல்ல, க்ளுங்குங்கில் உள்ள கெர்த்தா கோசாவுக்காக. அது பழைய அரசவையின் நீதி மண்டபம். நாலு பக்கமும் திறந்திருக்கும், படமெல்லாம் கூரையின் உட்புறத்தில். அண்ணாந்து பார்த்தே என் மாமியாருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு தரையில் உட்கார்ந்து மடியில் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இடவலம் மாறித் தெரியும், அவ்வளவுதான். படங்கள் பக்கத்துக் கிராமமான கமாசன் பாணி. பாண்டுவையும் மாத்ரியையும் மீட்கப் பீமன் நரகத்துக்குப் போகிற கதை. கொப்பரையில் வேகிறவர்கள், ரம்பத்தால் அறுபடுகிறவர்கள் எல்லாம் வரிசையாக. "நரகத்தைப் பார்த்தது தருமர்தானேம்மா?" என்று மாமியார் கேட்டார். நம் பாரதத்தில் அப்படித்தான். இங்கே பீமன்! வழக்குக்கு வந்தவன் தலையை நிமிர்த்தினால் இதுதான் கண்ணில் படும்.

6. கோயிலுக்குள் போகச் சாரமும் இடுப்புக் கச்சையும் கட்டாயம். வாசலில் கொடுப்பார்கள், சில இடத்தில் வாடகை. வீட்டுக்காரர் வேட்டி கட்டி, தோள் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்களுக்குப் பழைய காட்டன் புடவையில் இரண்டரை மீட்டர் கிழித்துக்கொண்டால் போதும். அதுவே காரில் வெயில் திரையாகவும் ஆகும்.

7. செருப்பைக் கழற்ற நம் கால் தானாகப் போகும். அங்கே வெளிமுற்றத்தில் செருப்போடுதான் நடக்கிறார்கள், கும்பிட உட்காரும்போது கழற்றுகிறார்கள். உள்ளே விக்கிரகத்தைத் தேடாதீர்கள். உயரத்தில் ஒரு கல் நாற்காலி காலியாக இருக்கும், அதற்குப் பெயர் பத்மாசனம். விழாவின்போது தெய்வம் வந்து அமரும் என்பது நம்பிக்கை. கும்பிட வராதவர்களுக்கு உள்முற்றம் பல கோயில்களில் மூடியிருக்கும், வாதாட வேண்டாம். மாதவிலக்கு நாட்களில் போகக் கூடாது என்று வாசலிலேயே பலகை இருக்கும். நாள் பார்த்துத் திட்டமிடுங்கள்.

8. தம்பாக்சிரிங்கின் தீர்த்த எம்புல், கி.பி. 962-லிருந்து இருக்கும் ஊற்றுக் கோயில். கல் தூம்புகளின் கீழ் வரிசையாகத் தலை நனைக்கலாம். மாற்றுத் துணியும், ஈரத்துக்கென ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பையும் வேண்டும். இல்லாவிட்டால் கார் சீட் நனைந்து, அதற்கொரு பில் வரும். பக்கத்திலேயே குனுங் காவி. 11-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்த பத்துக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் ஏழு மீட்டர் உயரம். அதற்குச் சுமார் 300 படி இறங்கி, திரும்ப ஏற வேண்டும். குளித்த பிறகு ஏறாதீர்கள், இதை முதலில் முடியுங்கள். முட்டிவலி உள்ளவர்கள் மேலேயே இளநீர் குடித்துக்கொண்டு உட்காரலாம்.

9. உலுவாத்துக் குரங்குகள் மூக்குக் கண்ணாடியைக் குறிவைக்கும். பழம் கொடுத்தால்தான் திருப்பித் தரும்! காரிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பவர் அதிகம் என்றால் பின்னால் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

10. காலி மாத்திரை டப்பாவில் 2,000, 5,000 ருப்பியா நோட்டுகளைச் சுருட்டி கியர் பக்கத்தில் வையுங்கள். எங்கே நிறுத்தினாலும் விசில் ஊதிக்கொண்டு ஒருவர் வருவார். வண்டியைப் பின்னெடுக்க ரோட்டையே மறித்து வழி விடுவார், கொடுக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து பாலிக்கு வரும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் 1,50,000 ருப்பியா சுற்றுலா வரி கட்ட வேண்டும். ஆன்லைனில் கட்டி ரசீதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

11. சைவக்காரர்கள் 'தன்பா டாகிங்' (இறைச்சி வேண்டாம்) என்று சொன்னால் மட்டும் போதாது. காரச் சட்னியான சம்பாலில் இறால் விழுது (தெராசி) இருக்கும். 'தன்பா தெராசி' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சோயாவில் செய்த டெம்பே வறுவல் எங்கும் கிடைக்கும்.

12. மார்ச் வாக்கில் வரும் ந்யெப்பி நாளில் ரோட்டில் ஒரு வண்டி ஓடாது, விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும். டிக்கெட் போடுமுன் தேதி பாருங்கள். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கனுக்குத் தெருவெல்லாம் வளைந்த மூங்கில் தோரணம், பார்க்கக் கொள்ளை அழகு. அன்று மியூசியம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வழியில் கோயில் ஊர்வலம் வந்தால் ஹாரன் அடிக்காமல் இன்ஜினை அணைத்துவிடுங்கள். காலையில் வாசலிலும் நடைபாதையிலும் ஓலைத்தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைப்பார்கள். பெயர் சானாங். டயர் ஏறாமல் ஒதுங்குங்கள். எங்கள் வாடகைக் காரின் டாஷ்போர்டிலும் ஒன்று இருந்தது, காய்ந்துபோய். குப்பை என்று நான் எடுக்கப் போனேன். "வண்டிக்குப் போட்ட பூஜைடி, இருக்கட்டும்" என்று மாமியார் கையைத் தட்டிவிட்டார். ஒன்பது நாளும் அது வளைவுக்கு வளைவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வழுக்கிக்கொண்டே வந்தது.