சிறு படகில் வெளிப்பொருத்து இயந்திரம்

ஹௌரா மாவட்டத்தைச் சேர்ந்த சாந்த்ராகாச்சி, சென்னையிலிருந்து வங்கம் செல்வோர் பலருக்கும் அறிமுகமான இருப்புப்பாதைச் சந்திப்பாகும். அங்கிருந்து கிளை பிரியும் பாதை ஒன்று தாழ்ந்த வயல்வெளிகளின் ஊடே சென்று ஆம்தாவில் முடிகிறது. ஆம்தாவை ஒட்டித் தாமோதர் ஆறு ஓடுகிறது. அதற்கு வடக்கே உதய்நாராயண்பூர் வட்டாரம் உள்ளது. மேற்கே ஜார்க்கண்டில் பெருமழை பெய்து, மைதான், பஞ்சேத் அணைகளிலிருந்து மிகுதியான நீர் திறந்துவிடப்படும்போது, துர்காபூர் தடுப்பணையைத் தாண்டி வரும் அந்நீர் இந்தத் தாழ்நிலங்களில் பரவி நிற்கிறது. 2017, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறே நிகழ்ந்தது. அப்போது சாலைகள் மறைகின்றன. மக்களை மீட்பதற்கும் உணவும் மருந்தும் கொண்டுசேர்ப்பதற்கும் படகு ஒன்றே வழி.

அந்தப் படகுகள் இருவகையின. ஊரிலேயே உள்ள டிங்கிகளும், பனைமரத்தைக் குடைந்து செய்த டோங்காக்களும் ஒருவகை. இவை துடுப்பாலும் கழியாலும் செல்பவை. மற்றொரு வகை, 2006-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையும் மாநில அமைப்புகளும் கொண்டுவரும் காற்றடைத்த ரப்பர்ப் படகுகளும் கண்ணாடியிழைப் படகுகளும் ஆகும். இவற்றின் பின்புறத்தில் மாட்டப்படுவதே வெளிப்பொருத்து இயந்திரம். நம் கடற்கரை மீனவர்களுக்கு இது பழகிப்போன பொருள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் மீனவர்கள் தம் படகுகளையும் இயந்திரங்களையும் லாரிகளில் ஏற்றிச் சென்று, வெள்ளத்தின் விளிம்பில் இறக்கிப் பொருத்தி, ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியதை நாடு அறியும். அவசரத்தில் பொருத்தினாலும் அவர்களுடைய கைகள் பிசகாமைக்குக் காரணம், அதே வேலையை அவர்கள் நாள்தோறும் செய்துவந்தமைதான். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் இயந்திரத்தைக் கையாளும் ஊராட்சிப் பணியாளருக்கோ தொண்டருக்கோ அந்தப் பழக்கம் இராது. ஆகவே பொருத்தும் முறையை அவர்கள் மழைக்காலத்திற்கு முன்பே கற்றுக்கொள்வது இன்றியமையாதது.

பின்பலகையே அடித்தளம்

துடுப்புக்கென்று கட்டப்பட்ட படகு வேறு. இயந்திரத்திற்கென்று கட்டப்பட்ட படகு வேறு. துடுப்பின் விசை படகின் நடுப்பகுதியில், இரு பக்கங்களிலும் பகிர்ந்து விழுகிறது. இயந்திரத்தின் விசையோ முழுவதும் ஒரே பலகையில், அதாவது படகின் பின்முகத்தை மூடி நிற்கும் பின்பலகையில் விழுகிறது. 10 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் முழுவேகத்தில் தள்ளும் விசை ஏறத்தாழ ஓர் ஆளின் எடைக்கு நிகராகும். அவ்விசை பலகையின் உச்சியில் அன்று, அதற்கு வெகுகீழே நீருக்குள் சுழலும் விசிறியில் பிறக்கிறது. நெம்புகோலைப் போலச் செயல்படும் இயந்திரத் தண்டு, பலகையின் கீழ்ப்பகுதியை முன்னோக்கி அழுத்துகிறது. மேல்விளிம்பைப் பின்னோக்கி இழுக்கிறது. திடீரென வேகத்தைக் கூட்டும்போதும், விசிறியின் கால் ஏதேனும் ஒன்றில் மோதும்போதும் இந்த முறுக்கு பன்மடங்காகிறது.

எனவே இயந்திரத்தைத் தூக்குவதற்கு முன்பு பலகையைச் சோதிக்க வேண்டும். மர உள்ளீடு கொண்ட கண்ணாடியிழைப் பலகையைச் சிறு மரச்சுத்தியால் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே நீர் புகுந்து உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் கரையோரங்களில் குறுகிய காலத்தில் ஏராளமான கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்டன. அவற்றுள் தரம் குறைந்தவையும் இருந்தன. அத்தகைய படகில் முதலில் விட்டுக்கொடுக்கும் இடங்களுள் பின்பலகையும் பக்கச்சுவரும் சேரும் மூலை ஒன்று. அங்கே மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தால், அது பழுது பார்க்கப்படும் வரை அப்படகில் இயந்திரம் ஏற்றலாகாது. பலகையிலிருந்து அடிக்கட்டைக்கும் பக்க விளிம்புகளுக்கும் முட்டுக்கால்கள் இருக்க வேண்டும். பலகையின் கனம் 4 முதல் 6 சென்டிமீட்டர் வரை இருப்பது சிறு இயந்திரங்களுக்குப் பொதுவான அளவு.

ரப்பர்ப் படகில் பின்பலகை இரு காற்றுக் குழாய்களுக்கு நடுவே பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. காற்று முழு அழுத்தத்தில் இல்லையேல் பலகை ஆடும். ஆடினால் பசை பிரியும். ஆகவே காற்றை முழுமையாக அடைத்த பின்னரே இயந்திரத்தை மாட்ட வேண்டும். கழற்றும்போது இயந்திரம் முதலில், காற்று பிறகு.

இருமுனையும் கூர்ந்த டிங்கிக்குப் பின்பலகையே கிடையாது. நம் நாட்டு வள்ளங்கள் பலவும் அவ்வாறே. கேரளக் கரையில் 1980-களில் இயந்திரம் பரவியபோது, பின்புறத்துக்கு அருகே பக்கவாட்டில் தாங்கி அமைத்து அதில் மாட்டும் வழக்கம் ஏற்பட்டது. அகன்ற கடல் வள்ளத்துக்கு அது பொருந்தும். குறுகிய ஆற்றுப் படகில் எடை ஒருபுறம் சாய்ந்து, திரும்பும்போது கவிழ ஏதுவாகும். பனைமர டோங்காவில் இயந்திரம் பொருத்தும் எண்ணத்தையே கைவிடுவது நலம்.

எவ்வளவு குதிரைத்திறன்?

பெரிய இயந்திரம் வாங்கினால் விரைந்து செல்லலாம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது பாதி உண்மைதான். நீரைக் கிழித்துக்கொண்டு செல்லும் படகின் வேகம் அதன் நீளத்தால் கட்டுப்படுகிறது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள வள்ளம் மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டரை எட்டியதும், தானே எழுப்பிய அலையில் சிக்கிக்கொள்கிறது. அதற்குமேல் தரும் ஆற்றலில் பெரும்பகுதி அலையாகவும் புகையாகவும் போய்விடும். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் படகு வல்லுநர்கள், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருட் செலவை ஆராய்ந்து, வேகத்தைச் சற்றே குறைப்பதுதான் மிகப் பெரிய சிக்கனம் என்பதை வலியுறுத்தினர்.

நீரின்மேல் எழுந்து வழுக்கிச் செல்லும் தட்டையான சிறுபடகுக்கு இந்த வரம்பு இல்லை. அதனாலேயே அங்கு ஆபத்து அதிகம். 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை வகுத்துள்ள கணக்கு எளிமையானது. படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்க வேண்டும். 12 அடி நீளமும் 4 அடி அகலமும் எனில் 48 வரும். அதற்கு உச்ச வரம்பு 15 குதிரைத்திறன். அடிப்பாகம் தட்டையாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருந்தால் ஒருபடி இறக்கி 10 எனக் கொள்ள வேண்டும். நம் நாட்டுப் படகுகளுக்கு இது சட்டமன்று. எனினும் படகைக் கட்டியவர் வரம்பு எதையும் குறிப்பிடாதபோது கைக்கொள்ளத்தக்க அளவுகோல்.

எடையையும் கணக்கிட வேண்டும். இயந்திரம் சுமார் 40 கிலோ, அதை இயக்குபவர் 60 கிலோ, 25 லிட்டர் எரிபொருட்கலம் 20 கிலோ எனக் கொண்டால், 120 கிலோ படகின் கடைக்கோடியில் அமர்கிறது. மூக்கு மேலே எழும். பின்விளிம்பு நீர்மட்டத்தை நெருங்கும். இந்நிலையில் வேகத்தைச் சட்டென்று குறைத்தால், படகு எழுப்பிய அலையே பின்தொடர்ந்து வந்து பின்பலகையைத் தாண்டி உள்ளே கொட்டும். எரிபொருட்கலத்தை நீண்ட குழாயுடன் நடுப்பகுதிக்கு நகர்த்துவதும், மீட்கப்பட்டவர்களை நடுவிலும் முன்னும் அமர்த்துவதும் இதற்கு மாற்று.

உயரமும் சாய்வும்

இயந்திரத் தண்டு குட்டை, நெட்டை என இருவகைப்படும். முதலாவது 38 சென்டிமீட்டர் உயரப் பலகைக்கும், இரண்டாவது 51 சென்டிமீட்டர் உயரப் பலகைக்கும் உரியன. விசிறிக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தகடு உண்டு. அது படகின் அடிப்பாகத்துக்குச் சமமாகவோ, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழாகவோ இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் விசிறி காற்றை உறிஞ்சி வெறிதே சுழலும், இயந்திரம் அலறும், படகு நகராது. மிகக் கீழே இறங்கினால் நீரின் தடை கூடும், அடியில் கிடப்பவற்றில் மோதும். குட்டைப் பலகையில் நெட்டை இயந்திரத்தை மாட்டிவிட்டு, இயந்திரம் சரியில்லை என்று குறைகூறுவதைப் பல துறைகளில் கேட்கலாம்.

இயந்திரத்தைப் பலகையின் நட்டநடுவில் நிறுத்தி, இரு கவ்வித் திருகுகளையும் கையால் இறுக்க வேண்டும். அரைமணி ஓட்டத்துக்குப் பின் மீண்டும் இறுக்குவது கட்டாயம். அதிர்வினால் திருகுகள் தளர்வது இயல்பு. நிரந்தரமாகப் பொருத்துவதாயின் பலகையைத் துளைத்துத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளையும் போட வேண்டும். துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே அமைய வேண்டும். அவற்றின் உட்சுவரை நீர்புகாப் பசையால் அடைக்காமல் விட்டால், இரண்டு மழைக்காலங்களில் பலகை உள்ளுக்குள் கடற்பஞ்சுபோல் ஆகிவிடும். இவற்றுக்கும் மேலாக, இயந்திரத்தைப் படகோடு பிணைக்கும் சங்கிலியோ வலிய கயிறோ வேண்டும். கவ்வி நழுவினாலும் இயந்திரம் ஆற்றின் அடிக்குப் போகாது.

படகு முன்னோக்கிச் செல்லும்போது விசிறியின் தள்ளுதல் நீர்மட்டத்துக்கு இணையாக இருக்குமாறு சாய்வு ஊசியை உரிய துளையில் செருக வேண்டும். வெள்ள நீரில் இன்னொன்றும் உண்டு. வேலிக்கம்பம், கிணற்றுச் சுவர், விழுந்த மரம் எது எங்கே மறைந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல இயலாது. முன்னோக்கிச் செல்கையில் மோதினால் இயந்திரத்தின் கால் தானே மேலே எழும்பும்படி சாய்வுப் பூட்டு விடுபட்டிருக்க வேண்டும். பூட்டிய நிலையில் மோதினால் முறிவது பெரும்பாலும் பலகையே.

விசிறியும் மனிதரும்

கைப்பிடியால் திருப்பப்படும் இயந்திரத்தை ஓட்டுபவர் தவறி நீரில் விழுந்தால், படகு தானே நிற்காது. விசிறியின் சுழற்சி கைப்பிடியை ஒருபுறம் திருப்ப, ஆளில்லாப் படகு வட்டமடிக்கத் தொடங்கி, விழுந்தவரை நோக்கியே திரும்பி வரும். இதைத் தடுப்பது ஒரு முழ நீளமுள்ள சுருள் கயிறு. அதன் ஒருமுனை ஓட்டுநரின் மணிக்கட்டிலோ மிதவைச் சட்டையிலோ, மறுமுனை இயந்திரத்தின் நிறுத்து விசையிலோ இருக்கும். அவர் விலகினால் இயந்திரம் அணையும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த இயந்திரப் படகுகளில் இக்கயிற்றை இணைத்துக்கொள்வது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயமாயிற்று. நம்மிடையே புதிய இயந்திரத்தோடு வரும் இக்கயிறு சாவிக்கொத்தைத் தொங்கவிடவும், சில வேளை விசையை நிரந்தரமாக இழுத்துக் கட்டவும் பயன்படுவது வருந்தத்தக்கது.

நீரிலிருந்து ஒருவரைப் படகில் ஏற்றும்போது இயந்திரத்தை நடுநிலையில் வைப்பது போதாது. முற்றிலும் அணைக்க வேண்டும். ஒருவரது முழங்கை கைப்பிடியில் பட்டாலே பல் இணைந்து விசிறி சுழலக்கூடும். விசிறியைச் சுற்றிக் கூண்டு அமைத்தால் வேகம் ஓரளவு குறையும். மீன்பிடிப்பவர் அதை விரும்பமாட்டார். மக்கள் நீரில் நிற்கும் இடத்துக்கே செல்லும் மீட்புப் படகுக்குக் கூண்டு வேண்டும் என்பதே எம் கருத்து.

வங்கத்தின் ஆறுகளில் ஓடும் பட்பட்டிகளைப் பற்றி இங்குக் குறிப்பிடுவது பொருத்தம். இறைப்புக்கான டீசல் இயந்திரத்தை நாட்டுப் படகின் உட்புறம் ஏற்றி, அதன் ஓசையாலேயே பெயர்பெற்ற இப்படகுகள் மலிவானவை, உழைப்பவை. ஆனால் சுழலும் தண்டும் சக்கரமும் மூடியின்றி இருந்தால், பயணியின் சேலைத் தலைப்பையோ கூந்தலையோ பற்றிக்கொள்ள ஒரு கணம் போதும். வெளிப்பொருத்து இயந்திரத்தில் சுழலும் பகுதிகள் உறைக்குள் அடங்கியிருப்பது அதன் பெரும் நன்மை. மேலுறையைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர் அந்நன்மையைத் தாமே விலக்கிவிடுகிறார்.

எரிபொருள்

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் குளம்போல் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே கலத்தைக் கரைக்கு எடுத்துச் சென்றே நிரப்ப வேண்டும். ஓட்டத்தின்போது மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்க வேண்டும். இல்லையேல் சிறிது தொலைவில் இயந்திரம் மூச்சடைத்து நிற்கும். இயந்திரம் கிளம்பியவுடன் பின்புறச் சிறுதுளையிலிருந்து நீர்த்தாரை வருகிறதா என்று பார்ப்பது வழக்கமாக வேண்டும். சேறும் நெகிழிப் பைகளும் மிதக்கும் வெள்ளநீரில் குளிர்நீர் நுழைவாய் எளிதில் அடைபடும். தாரை நின்றால் இயந்திரத்தை உடனே அணைத்துத் தூக்கித் துப்புரவு செய்ய வேண்டும்.

வெள்ளோட்டத்தை அமைதியான நீர்நிலையில் முதலில் ஆளின்றியும், பிறகு மணல்மூட்டைகளை ஏற்றியும் நடத்தலாம். அருகில் இருக்கிறது என்பதற்காகச் சாந்த்ராகாச்சி ஏரியை இதற்குத் தேர்ந்தெடுக்கலாகாது. குளிர்காலத்தில் அங்கு ஆயிரக்கணக்கான சீழ்க்கைச் சிறகிகளும் பிற நீர்ப்பறவைகளும் தங்குகின்றன. இயந்திரத்தின் ஓசை அவற்றை விரட்டிவிடும். ஹூக்ளியில் நடத்துவோர் ஓத அட்டவணையைப் பார்த்த பின்னரே இறங்க வேண்டும். ஓதம் ஏறும் வேளையில் சுவர்போல் எழுந்து வரும் பான் எனப்படும் அலை சிறு படகைப் புரட்டிவிட வல்லது.

உள்நாட்டு நீர்நிலைகளில் இயந்திரம் பொருத்திய படகு, 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வரும். பதிவும் ஆய்வும் எவ்வகைப் படகுக்கு எந்த அளவில் வேண்டும் என்பதை மாநில அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் இயந்திரத்தை நன்னீரில் சில நிமிடங்கள் ஓட்டிச் சேற்றைக் கழுவி, எரிபொருளை வடித்து, நிமிர்த்தி நிறுத்தி வைக்க வேண்டும். விசிறியைக் கழற்றி அதன் அச்சில் தூண்டில் நரம்போ வைக்கோலோ சுற்றியிருந்தால் நீக்க வேண்டும். அந்த நரம்பு எண்ணெய் அடைப்பை அறுத்துப் பல்லிணைப் பெட்டிக்குள் நீரை விட்டுவிடும். பெட்டியின் எண்ணெயை வடிக்கும்போது அது பால்நிறமாக இருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அடைப்பை மாற்றிய பிறகே அடுத்த மழைக்காலத்துக்கு அந்த இயந்திரத்தைக் கணக்கில் சேர்க்கலாம்.