பழைய நீராவி எஞ்சினுக்கு மீண்டும் தீ மூட்டலாமா?

ஒரே ஆண்டில் பிறந்த இரட்டையர் இருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். இருவரும் நீராவி எஞ்சின்கள். 1855ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டுக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தவை. கிழக்கிந்திய ரயில்வே அவற்றுக்கு 21, 22 என்று எண் கொடுத்தது. 22க்குப் பின்னாளில் 'ஃபேரி குயீன்' என்ற பெயரும் வாய்த்தது. 1909இல் இரண்டும் ஓய்வு பெற்றன. ஃபேரி குயீன் 1997இல் மீண்டும் ஓடியது. துருவேறி, பல உறுப்புகளை இழந்து நின்ற 21ஐச் சென்னை பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் 2010இல் ஓட வைத்தார்கள்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஓடினால்தானே சார் அது எஞ்சின்!" என்றான் என் வகுப்பு மாணவன் ஒருவன். நீங்களும் அப்படித்தான் எண்ணுவீர்கள். கொதிகலனுக்குள் நடப்பதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

வீட்டுப் பிரஷர் குக்கரில் நீர் ஏறக்குறைய 120 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாகிறது. 1923இல் கட்டப்பட்ட புகழ்பெற்ற 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' போன்ற எஞ்சினில் அது 200 டிகிரி. அழுத்தமோ ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 கிலோ. எஞ்சினின் நெருப்பறைக்கு இரட்டைச் சுவர் உண்டு. இடையே நீர் நிற்கும். இரு சுவர்களையும் நூற்றுக்கணக்கான குறுக்கு ஆணிகள் இழுத்துப் பிடித்திருக்கும். 10 செ.மீ.க்கு ஓர் ஆணி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒவ்வோர் ஆணியும் 100 ச.செ.மீ. பரப்பைத் தாங்குகிறது. அதாவது ஒன்றரை டன்!

இந்த ஆணிகளில் சில அறுந்தால் என்ன ஆகும்? 200 டிகிரியில் உள்ள நீர், அழுத்தம் நீங்கியதும் அப்படியே நீராக இருக்க முடியாது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகும். ஒரு கிலோ நீர் 300 லிட்டருக்கு மேல் ஆவியைக் கக்கும். கொதிகலனிலோ ஆயிரக்கணக்கான கிலோ நீர் இருக்கிறது. இது பழங்கதை அன்று. 1995இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சுற்றுலா ரயிலை இழுத்த பழைய நீராவி எஞ்சின் ஒன்றின் நெருப்பறைக் கூரை, நீர் குறைந்ததால் பழுக்கக் காய்ந்து பிய்ந்தது. பணியாளர் மூவர் வெந்து காயமுற்றனர். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குச் செல்லும் வழியை உப்புப் படிவு அடைத்திருந்தது. நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சங்கதிதான்.

அதனால்தான் தீ மூட்டுமுன் கொதிகலனை நீரால் நிரப்பி, வேலை அழுத்தத்துக்கும் மேலே ஏற்றிச் சோதிக்கிறார்கள். ஏன் காற்றால் சோதிப்பதில்லை? காற்று சுருங்கும், அழுத்தப்பட்ட வில்லைப்போல் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். குளிர்ந்த நீர் பெயரளவுக்கே சுருங்கும். தகடு விரிந்தாலும் நீர் ஒழுகுமே தவிர வெடிக்காது.

சோதனையில் தேறிய கொதிகலனும் என்றும் இளமையோடு இராது. ஆறு மீட்டர் நீள எஃகு 180 டிகிரி சூடேறினால் ஒரு செ.மீ.க்கு மேல் நீளும். செம்பு இன்னும் அதிகமாக நீளும். பல பிரிட்டிஷ் எஞ்சின்களில் நெருப்பறையின் உட்சுவர் செம்பு, வெளிச்சுவர் எஃகு. ஆகவே ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் குறுக்கு ஆணிகள் சற்றே வளைந்து நிமிர்கின்றன. ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். பிரிட்டனில் இத்தகைய எஞ்சின்களை வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை முழுதும் பிரித்துப் பழுது பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆணி போகும், குழாய் போகும், தகடு போகும், புதியவை வரும்.

போகட்டுமே, என்ன நட்டம் என்கிறீர்களா? 'ராக்கெட்' எஞ்சினைக் கேளுங்கள். 1829இல் ரெயின்ஹில் போட்டியில் வென்ற ஸ்டீபன்சனின் எஞ்சின் அது. சாய்வாக நின்ற அதன் உருளைகளைச் சில காலத்துக்குள்ளேயே ஏறக்குறையக் கிடைமட்டமாக இறக்கிவிட்டார்கள். 1999இல் ஆய்வாளர்கள் அதைப் பிரித்து அளந்தபோது, இத்தகைய மாற்றங்களின் வரலாற்றைத் துளைகளிலும் தேய்மானத்திலும் படித்தறிந்தனர். ஓட வைப்பதற்காகப் புதுத்தகடு போட்டிருந்தால் படிப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிராது. ராக்கெட் குளிர்ந்தே நிற்கிறது. அதன் ஓட்டத்தைக் காண விரும்பியவர்கள் 1979இல் ஒரு நகல் செய்து ஓட்டினார்கள். எனக்கு இந்த வழி மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் எல்லா எஞ்சினும் ராக்கெட் அன்று. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் உழைத்த நாட்களிலேயே அதன் கொதிகலனைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். மாறிக்கொண்டே இருப்பதுதான் அதன் வரலாறு. 40 லட்சம் பவுனுக்கு மேல் செலவிட்டு 2016இல் அது மீண்டும் ஓடியதில் எனக்குக் குறை தெரியவில்லை. மேலும், கரியை எங்கே எவ்வளவு மெல்லியதாக வீசுவது, ஏற்றம் வருமுன் நீரை எப்போது ஏற்றுவது என்ற கைப்பழக்கங்கள் ஓடாத எஞ்சினோடு சேர்ந்து மறைந்துவிடும். அவற்றை வரைபடத்தில் எழுதி வைக்க முடியாது.

நம் இரட்டையருக்கு வருவோம். என்னைக் கேட்டால், ஒன்றை ஓடவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டிருக்கலாம் என்பேன். பெரம்பூரில் நடந்த வேலையின் அருமையை நான் மறுக்கவில்லை. இல்லாத உறுப்பை அளவறிந்து வார்த்துக் கடைவது எளிதன்று. எனினும் இனி ஒரு பழைய எஞ்சினைத் திறக்கும்போது, கழற்றும் ஒவ்வோர் ஆணியையும் அளந்து, படம் பிடித்து, எண்ணிட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். புதிதாகப் போடும் உறுப்பில் போட்ட ஆண்டைப் பொறித்துவிட வேண்டும்.