மஞ்சள் விளக்கு சொல்வது என்ன?

பழைய மகிழுந்தில் வளாகத்திற்கு வரும் நண்பர்களுக்கு, வேகமானியின் அருகே எரியும் அந்த மஞ்சள் இயந்திர விளக்கு புதிதல்ல. தமிழ்ப்பள்ளியில் எழுதப் பழகிய 'மகிழுந்து' என்ற சொல் அவ்வேளையில் மட்டும் பொருந்துவதில்லை!

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள். இயந்திரத்தில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். நிலையாக எரிந்தால் ஆராய நேரம் உண்டு.

அப்பாவின் 17 வயது வண்டியில் அது நிலையாகத்தான் எரிந்தது. ஸ்கேனரில் பி0171 என்ற குறியீடு வந்தது. உயிர்வளி உணரியை மாற்ற வேண்டும் என்றார் போமன். 380 ரிங்கிட். அப்பாவின் ஒரு மாதக் கூடுதல் நேரச் சம்பளம் அதில் போயிற்று. மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது.

பி0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று மிகுந்துவிட்டது என்பதே பொருள். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எரிந்த புகையில் உயிர்வளி மிஞ்சியிருப்பதை உணரி கண்டு சொல்கிறது. சாட்சி சொன்னவனையே குற்றவாளி ஆக்கினால் எப்படி?

எங்கள் வண்டி, உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் தெளிக்கும் வகை. அளக்கும் இடத்தைத் தாண்டிக் குழாயில் ஓட்டை இருந்தால் கணக்கில் வராத காற்று நுழைந்துவிடும். இதை ஸ்கேனரிலேயே பிடிக்கலாம். எரிபொருள் திருத்தம் என்று அது ஒரு விழுக்காட்டைக் காட்டும். வண்டி நின்றபடி இயங்கும்போது எங்களுக்கு 24 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நிமிடத்திற்கு 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் 6 ஆக இறங்கியது. த்ரோட்டல் மூடியிருக்கையில் உறிஞ்சல் அதிகம், மொத்தக் காற்றோ குறைவு. ஆகவே ஓட்டைக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். மாறாக, சுற்று ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் எரிபொருள் பம்பு, வடிகட்டி, காற்றளவு உணரியில் படிந்த அழுக்கு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

த்ரோட்டலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இரப்பர்க் குழாய் சூட்டில் விறைத்து வெடித்திருந்தது. அதன் விலை 9 ரிங்கிட்.

இன்னொன்று. குறியீட்டை அழிக்கும் பொத்தானை அழுத்துமுன், பழுது பதிவான வேளையில் இருந்த வேகம், சுற்று, இயந்திரச் சூடு ஆகியவற்றை எழுதிவையுங்கள். பெரும்பாலான ஸ்கேனர்கள் அவற்றைக் காட்டும். குறியீட்டை அழித்தால் அவையும் சேர்ந்து அழிந்துவிடும்.